சிவக்காத கன்னம்

ரேடியம் ஊசி தொலைந்துபோன கதையை நான் சொல்லப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் கோபால்ட் இயந்திரத்தைக் காட்ட என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன இளைஞர்கள், காப்பி வாங்கிக் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆசையாகக் கேட்டது அந்தக் கதையைத்தான். ஊசி கட்டுத் துணியோடு குப்பைக்குப் போனதும், கதிரைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு குப்பை வண்டியின் பின்னால் ஓடியதும் எங்கள் தொழிலில் இருக்கும் எல்லாரிடமும் உள்ள கதை. லண்டனிலும் நடந்திருக்கும், லாகூரிலும் நடந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டாள். கதிரை அளக்க இத்தனை மீட்டர்கள் வருவதற்கு முன்னால், நோயாளிக்குக் கொடுத்த கதிர் போதும் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்றாள். தோலைப் பார்த்து, என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். தமாஷ் இல்லை அம்மா, அதில் ஒருத்தியின் கன்னமே போக இருந்தது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர்களுக்கு வேலை வந்துவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் அத்தா மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் விளக்குக் கண்ணாடி விற்றார். எனக்குக் கண்ணாடியைக் கையாளப் பயம் கிடையாது, அதுதான் எனக்கு வந்த சொத்து. காலேஜில் பௌதிகம் படித்தேன். பிறகு அங்கேயே சோதனைச் சாலையில் காற்றுக்குள் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். இருபதுகளின் கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய எக்ஸ்ரே இயந்திரம் வந்தது. படம் எடுப்பதற்கு இல்லை, புற்றுநோயைக் கருக்குவதற்கு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பௌதிகக்காரன் வேண்டும் என்றார்கள். போனேன். ஆஸ்பத்திரி உத்தியோகம் என்றதும் சொந்தக்காரர்கள் என்னை டாக்டர் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். பாதிப் பேருக்குக் குணமானது.

அங்கேதான் டாக்டர் அருளப்பனைப் பார்த்தேன். சாந்தோம்காரர். கோயில் மணிச் சத்தம் கேட்கும் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். ஆள் நல்ல சிவப்பு. பறங்கிக்காரன் காலத்துக் கலப்பு என்று மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர் காதுக்கும் போகும். எங்க பாட்டன் வலை பின்னினவர், நிழல்லயே உக்காந்திருந்தார், அதான் கறுக்கல, என்பார். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "காட்டுங்க." கருத்து சொல்கிறவனை அவர் திட்டி நான் பார்த்ததில்லை. காட்டச் சொல்வார். காட்ட முடியாதவன் தானாகவே வாயை மூடிக்கொள்வான்.

எங்கள் வேலையின் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். கட்டியைக் கொல்லும் அளவுக்குக் கதிர் கொடுக்க வேண்டும். ஆனால் கதிர் தோலைத் தாண்டித்தான் உள்ளே போகும். குறைத்துக் கொடுத்தால் கட்டி மறுபடி தலை தூக்கும். கூட்டிக் கொடுத்தால், கட்டி போன பிறகு சில மாதம் கழித்து நல்ல சதையே அழுகி ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சீமைப் புத்தகங்கள் ஒரு வழி சொல்லியிருந்தன. தோல் இன்ன சிவப்புக்குச் சிவக்கும் வரை கொடு, சிவந்ததும் நிறுத்து. வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து எழுதிய புத்தகம். நம் ஊர்த் தோலுக்கு அதே புத்தகங்களில் ஒரு வரி உண்டு. வெயிலில் பதப்பட்ட கறுத்த தோல் அதிகம் தாங்கும், எனவே கூடவே கொடுக்கலாம் என்று. நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது?

ஒவ்வொரு புது எக்ஸ்ரே குழாய் வரும்போதும் அதன் கதிரின் வேகத்தை டாக்டர் தன் இடது முன்கையில் சோதித்துப் பார்ப்பார். நடுவில் ஓட்டை வெட்டிய ஈயத் தகட்டை வைத்து, எத்தனை நிமிஷத்துக்கு எப்படிச் சிவக்கிறது என்று பார்ப்பார். அந்தக் கை முழுக்க வட்டம் வட்டமாகத் தழும்பு. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் அளவுகோல் அந்தக் கைதான். வலது கையை மட்டும் கதிர்ப் பக்கம் கொண்டு போகவே மாட்டார். கத்தி பிடிக்கிற கை, பேனா பிடிக்கிற கை, சிலுவை போடுகிற கை என்பார்.

அவர் நோயாளியைப் பார்க்கும் விதத்தை இன்றைக்கும் என்னால் கண் முன் கொண்டுவர முடியும். காலை வெளிச்சத்தில் கிழக்கு ஜன்னலோரம் நோயாளியை ஸ்டூலில் உட்கார வைப்பார். அவர் நிற்பார். வருஷக் கணக்கில் கதிர் பட்டு இடது கை விரல் நுனிகளில் அவருக்கு உணர்ச்சி போய்விட்டிருந்தது. அதனால் அந்தக் கையின் புறத்தால் தாடையைத் தொட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவார். கண் அந்த நிறத்துக்குப் பழகும் வரை பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் வார்டில் யாரும் தட்டைக்கூட நகர்த்த மாட்டார்கள். அப்படியொரு கவனத்தை அதற்குப் பிறகு நான் எந்த டாக்டரிடமும் பார்க்கவில்லை.

நான் என் பங்குக்கு ஒரு கருவி கட்டிக்கொண்டிருந்தேன். விரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். கதிர் பட்டால் அதற்குள் இருக்கும் காற்று மின்சாரத்தைக் கடத்தும். எவ்வளவு கடத்துகிறது என்பதை ஒரு பெட்டிக்குள் நகரும் மெல்லிய இழையைப் பார்த்துச் சொல்லலாம். சீமையில் இது பழக்கத்துக்கு வந்துவிட்டது. மதராஸில் கடற்காற்று திரும்பியதும் என் பெட்டி நமுத்துப்போகும். ஈரம் ஏறி, கதிரே இல்லாமல் இழை தானாக இறங்கும். அதனால் பிஸ்கெட் டின்னில் ஈரம் உறிஞ்சும் உப்பைப் போட்டு, அதற்குள் கருவியை வைத்து மூடி, காலையில் காற்று திரும்புவதற்கு முன்னால் மட்டும் எடுத்து அளப்பேன். பாய் அப்பளம் எடுக்க வந்துட்டார் என்று வார்டு ஆயாக்கள் சிரிப்பார்கள். டிராம் வண்டிகள் நிறையக் கிளம்பும் நேரத்தில் மின்சாரம் தளர்ந்து, இயந்திரத்தின் வேகமும் குறைவதை அந்தப் பெட்டிதான் எனக்குக் காட்டியது. டாக்டர் குனிந்து இழையைப் பார்த்தார், ரொம்ப சந்தோஷப்பட்டார். ஆனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதைத் தோலைப் பார்த்தே முடிவு செய்துகொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா திரும்பி வந்தாள். மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டுகிறவள். வாய்க்குள் வெற்றிலைப் புகையிலையால் வந்த புற்று. முந்தின வருஷம் கதிர் கொடுத்து, கட்டி சுத்தமாகக் கரைந்துபோயிருந்தது. இப்போது அதே கன்னத்தில் வெளியே ஓட்டை விழுந்து எச்சில் வழிந்தது. டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. குணமாக்கி அனுப்பியவள் இப்படி வந்து நின்றால் வாடாதா? திரும்ப வெற்றிலை போட்டாயா என்று கேட்டார். கபாலி மேல ஆணையா தொடல, என்றாள். அவர் நம்பவில்லை. புண் மேல் சுண்ணாம்பும் புகையிலையும் பட்டால் இப்படித்தான் ஆகும் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்த காலம். வார்டு முழுக்கக் கேட்க அவளைக் கண்டித்தார். கூட வந்திருந்த மருமகள் அங்கேயே கன்னியம்மாவின் சுருக்குப் பையைப் பிடுங்கி உதறினாள். உள்ளே பூ கட்டும் நாரும் சில்லறையும்தான் இருந்தன. அப்படியும் மருமகள், வேற எங்கனா ஒளிச்சி வச்சிருக்கும் டாக்டரே, என்றாள். கன்னியம்மா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு போனாள்.

எனக்கு உறுத்தியது. அவளுக்குப் புத்தகத்தில் சொன்னபடி கூடுதலாகக் கொடுத்திருந்தோம். சிவப்பே தெரியவில்லை என்று அதற்கு மேலும் கொடுத்திருந்தோம். ஆனால் அவளுக்குக் கொடுத்த சமயத்தில் என் பெட்டி தயாராகியிருக்கவில்லை. என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா இருந்தேன்.

அடுத்து வந்தவள் அஞ்சலை. நொச்சிக்குப்பத்துக்காரி. சாந்தோம் தெருக்களில் மீன் கூடை சுமந்து, டாக்டர் வீட்டு வாசலில் அவர் சின்ன வயதிலிருந்து மீன் கொடுத்தவள். ஊரே டாக்டர் துரை என்று கும்பிடும், அவள் மட்டும் நைனா என்பாள். இடது கன்னத்துக்குள் புண், தாடைக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்த அன்று டாக்டர் வழக்கத்தைவிட நேரம் நின்றார். பிறகு என் அறைக்கு வந்து, இந்தம்மாவுக்கு மிச்சம் வைக்கக் கூடாது காதர், வேரோட போகணும், என்றார்.

அஞ்சலைக்குத் தவணை தவணையாகப் பல வாரம் கதிர் கொடுத்தோம். ஒவ்வொரு தவணையிலும் என் சின்னக் குழாயை அவள் கன்னத்தோடு ஒட்டிவைத்து அளந்தேன். குழாய்க்குள் இன்னா கீது என்று முதல் நாள் கேட்டாள். காற்றுதான் என்றேன். காத்த அளக்குறதுக்கு ஒரு படிச்ச ஆளா, என்று சொல்லிவிட்டு அசையாமல் படுத்துக்கொண்டாள். அவளைப் போல அசையாமல் படுத்த நோயாளி எனக்கு அமைந்ததில்லை.

தீர்மானித்த தவணைகள் முடிந்த அன்று காலை டாக்டர் அவளை ஜன்னலுக்குத் திருப்பினார். கடற்கரை வெயிலில் கறுத்து மினுமினுத்த கன்னம். எவ்வளவு நேரம் பார்த்தும் சிவப்பு இல்லை. என்னிடம் வந்து இன்னும் மூன்று தவணை என்றார். என் பெட்டியின் கணக்குப்படி அவளுக்குப் போக வேண்டியது முழுசாகப் போய்விட்டது. அதைச் சொன்னேன்.

"உங்க பொட்டி அளக்குறது காத்த," என்றார். "நான் பாக்குறது மனுஷத் தோல. தோல் இன்னும் தாங்குதே."

பெரிய மனிதர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மரியாதையாக வாங்க போங்க என்று பேசிய ஒரே மேலதிகாரி. ஆனால் கன்னியம்மாவின் முந்தானை கண்ணை விட்டுப் போகவில்லை.

"டாக்டர், இதே அளவு உங்க கையில விழுந்தா செவக்கும். என் கையில விழுந்தா செவக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது. நான் கறுப்பு. தெரியலங்கிறதுக்காக என் கை தாங்குதுன்னு சொல்லுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காட்டுங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. இடது கைச் சட்டையை மடித்தார். வட்டங்களைப் பார்த்தார். அந்தக் கை இனி எதற்கும் சாட்சி சொல்லாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எப்போதும் அது லேசாகச் சிவந்தே இருந்தது. சட்டையை இறக்கிவிட்டு வலது கையை மடித்தார்.

வேண்டாம் டாக்டர் என்றேன். என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. "உங்க கையையும் நீட்டுங்க காதர். ரெண்டுத்துக்கும் ஒரே அளவு. உங்க பொட்டியே அளக்கட்டும்."

இரண்டு கைகளிலும் ஒரே ஓட்டை வழியாக, என் பெட்டி சொன்ன ஒரே அளவு கதிர் விழுந்தது. தோல் பதில் சொல்ல வாரக் கணக்கில் ஆகும். அதுவரை அஞ்சலைக்குத் தவணை கிடையாது. இந்த முடிவு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். நான் தப்பாக இருந்து, அவள் கட்டியில் உயிர் மிச்சம் இருந்தால், இந்த இடைவெளியில் அது சுதாரித்துக்கொள்ளும். பிறகு கதிருக்குப் படியாது. அவர் அதை அவளிடம் மறைக்கவில்லை. நிறுத்தலாமா கூட்டலாமா என்று எங்களுக்கே தெரியவில்லை, எங்கள் கைகளில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவளிடம் சொன்னார்.

"இன்னா நைனா, என் கன்னத்துக்கு உன் கைய சுட்டுக்கினியா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பாய், உனக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் வந்தாள். தன் கன்னத்தைக் காட்டுவதைவிட எங்கள் கைகளைப் பார்ப்பதில்தான் அவளுக்கு அக்கறை. டாக்டரின் கையில் வட்டம் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு நன்றாகச் சிவந்தது. என் கையில் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் தினமும் ஜன்னலோரம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். புத்தகம் சொன்னது சரிதானோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் தொழுகைக்கு உட்காரும்போதெல்லாம் கேட்டது ஒன்றுதான், என் கை வெந்துபோக வேண்டும் என்று. இப்படி ஒரு துஆவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் கை கழுவும்போது அந்த வட்டத்துக்குள் இருந்த முடி மட்டும் கையோடு வந்தது. ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தன் வலது கையைத் துணியால் துடைத்தார். அவர் முடியும் வந்தது. அடுத்த சில நாளில் என் வட்டம் மையாகக் கறுத்து, அரிப்பெடுத்து, அவருடைய வட்டம் உரியத் தொடங்கிய அதே வாரம் அதுவும் உரிந்தது. உரிந்த இடத்தில் என் தோலும் அவர் தோலும் ஒரே நிறமாகத்தான் இருந்தன. அவர் எங்கள் இரண்டு கைகளையும் ஜன்னலோரம் சேர்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அஞ்சலையின் கன்னமும் அந்த வாரமே கறுத்து, நீர் வைத்து உரிந்தது. மூன்று தவணை கூடக் கொடுத்திருந்தால் கன்னியம்மாவின் கன்னம்தான் இவளுக்கும். கொடுக்காததால் சீக்கிரமே ஆறியது என்று சொல்ல ஆசை, ஆனால் ஆற நிறைய நாள் பிடித்தது. அதுவரை டாக்டரின் வீட்டம்மா கஞ்சி வைத்து அனுப்பினார்கள். மேல்தோல் வந்தது, உள்ளே புண் மூடியது, தாடைக்கு அடியில் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அஞ்சலை திரும்பவும் கூடை தூக்கினாள். எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் பட்டினப்பாக்கம் ரோட்டோரம் உட்கார்ந்து, பாய்க்கு நல்ல வஞ்சிரமாப் போடு என்று பக்கத்துக் கடைக்காரியை அதட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அன்றோடு தோலைப் பார்த்து நிறுத்துவது நின்றது. கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் பெட்டி சொல்வதுதான் அளவு. இதை நாங்கள் கட்டுரையாக எழுதினோம், டாக்டர் என் பெயரை முதலில் போட்டார். என் ஆராய்ச்சி வாழ்க்கை என்று யாராவது கேட்டால் அதுதான் தொடக்கம், அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அதைச் சரிபார்த்ததுதான். ஆனால் நான் அவரைப் பெரியவர் என்று சொல்வது இதற்காக இல்லை.

கை உரிந்த அன்று எல்லாரும் போன பிறகு, கன்னியம்மா எங்கே உட்காருவாள் என்று கேட்டார். ஆளனுப்பி வரச் சொல்கிறேன் என்றேன்.

"திட்டினது எல்லார் முன்னாடியும். இத ரூமுக்குள்ள வச்சு சொல்லக் கூடாது," என்றார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் மாட வீதிக்குப் போனோம். குளத்தோரம் கூட்டம். அர்ச்சனைத் தட்டு விற்கிறவர்கள், தேங்காய்க் கடை, ஜட்கா வண்டிகள். கன்னியம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கோட்டும் டையும் போட்ட டாக்டர் வந்து நின்றதும் அக்கம்பக்கத்துப் பூக்காரிகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது கைச் சட்டையை மேலே தள்ளி, உரிந்த வட்டத்தைக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார்.

"உன் கன்னத்துல ஓட்ட விழுந்தது நாங்க குடுத்த கதிரால கன்னியம்மா. நாங்க கூடக் குடுத்துட்டோம். நீ வெத்தல தொடலன்னு சொன்னது நிஜம். நான்தான் நம்பல. என்ன மன்னிச்சுக்கோ."

மெதுவாகச் சொல்லவில்லை. வார்டில் எந்தக் குரலில் திட்டினாரோ அதே குரலில் சொன்னார். தேங்காய்க் கடைக்காரர் வரை கேட்டது.

கன்னியம்மா அவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியாடி?" என்றாள்.

மருமகள் தலை குனிந்தாள். கன்னியம்மா கன்னத்தை மூடியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டத் தொடங்கினாள்.